நோகட் ஆற்றங்கரையில் மால்போர்க் செங்கல் கோட்டை: போக நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

போலந்தின் வடக்கே, நோகட் ஆற்றின் கிழக்குக் கரையில் நிற்கிறது மால்போர்க் கோட்டை. சுற்றுலா நிறுவனங்கள் இதை கிதான்ஸ்க் நகரப் பயணத்தோடு சேர்த்து அரைநாளில் முடித்துவிடுகின்றன. அந்த அரைநாள் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் போதாது என்பதும், போகும் வழியும், உள்ளே பார்க்க வேண்டியவையும் கீழே உள்ள பதில்களில் இருக்கின்றன.

இதைக் கட்டியவர்கள் யார்?

டியூட்டானிக் வீரத்துறவிகள். ஜெர்மன் மொழி பேசியவர்கள். துறவு விரதம் பூண்டு, கூடவே வாளும் ஏந்தியவர்கள். சிலுவைப் போர்க் காலத்தில், 1190-ல், இன்றைய இஸ்ரேலில் உள்ள ஆக்கர் நகரில் நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்பாகத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே படையாக மாறினார்கள். 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போலந்துப் பகுதியான மசோவியாவின் கோமகன் கொன்ராட், தன் எல்லையில் இருந்த பிரஷ்யப் பழங்குடிகளை அடக்குவதற்காக இவர்களை அழைத்தார். வந்தவர்கள் பிரஷ்யர்களை அடக்கியதோடு நிற்கவில்லை. அந்த மண்ணில் தங்களுக்கென ஓர் அரசையே அமைத்துக்கொண்டார்கள்.

மால்போர்க்கில் கட்டுமானம் 1270-களில் தொடங்கியது. 1280-ல் துறவிகள் குடியேறினார்கள். 1291-ல் ஆக்கர் வீழ்ந்த பிறகு அமைப்பின் தலைமையிடம் வெனிஸ் நகரில் இருந்தது. 1309-ல் பெருந்தலைவர் சீக்ஃபிரீட் ஃபான் ஃபொய்க்ட்வாங்கன் அதை இங்கே மாற்றினார். அதுவரை ஆற்றோரத் துறவு மடமாக இருந்த இடம் ஓர் அரசின் தலைநகரானது. அடுத்த நூறாண்டுகள் கட்டுமானம் நிற்கவே இல்லை. அன்று இந்த ஊருக்கு மரியன்பூர்க் என்று பெயர். அன்னை மரியாளின் கோட்டை.

உலகிலேயே பெரிய கோட்டை என்கிறார்களே, உண்மையா?

நிலப்பரப்பை வைத்துக் கணக்கிட்டால் உலகின் மிகப்பெரிய கோட்டை என்றே வழக்கமாகச் சொல்கிறார்கள். மேல் கோட்டை, நடுக் கோட்டை, கீழ்க் கோட்டை என்று மூன்று பகுதிகள். எல்லாம் சேர்ந்து சுமார் 21 ஹெக்டேர், அதாவது ஐம்பது ஏக்கருக்கும் மேல். யுனெஸ்கோ 1997-ல் இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கல்லால் கட்டாமல் ஏன் செங்கல்லால் கட்டினார்கள்?

வெட்டி எடுக்கக் கல் இல்லை என்பதுதான் காரணம். மால்போர்க் இருப்பது விஸ்துலா ஆற்றின் கழிமுகச் சமவெளியின் விளிம்பில். நோகட் விஸ்துலாவிலிருந்து பிரிந்து கடற்கழியில் கலக்கும் கிளையாறு. இந்த நிலத்தில் தோண்டினால் கிடைப்பது களிமண்ணும் மணலும்தான். பனியுகத்தில் பனிப்பாறைகள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இழுத்து வந்து விட்டுப்போன உருண்டைப் பாறைகள் வயல்களில் ஆங்காங்கே கிடந்தன. அவற்றைப் பொறுக்கி அடித்தளத்தில் அடுக்கினார்கள். மதில் தரையைத் தொடும் இடத்தில் குனிந்து பாருங்கள்: கீழே ஒழுங்கற்ற பாறைகள், அதன்மேல் செங்கல் வரிசை. கட்டியவர்களின் கணக்கு அந்த ஒரு கோட்டில் தெரிந்துவிடும்.

களிமண் இருந்தது, சூளைக்கு வேண்டிய விறகு காடுகளில் இருந்தது, பொருள்களைக் கொண்டுவர ஆறு இருந்தது. பால்டிக் கடலோரம் முழுக்க, ஜெர்மனியின் லூபெக் தொடங்கி லாட்வியாவின் ரிகா வரை, தேவாலயங்களும் நகர மண்டபங்களும் செங்கல்லாலேயே எழுந்தது இதனால்தான்.

அந்தக் காலச் செங்கல் நாம் வீடு கட்டும் செங்கல்லைவிடப் பெரியது. ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம். கையால் அச்சில் அடித்தவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அடுக்கிய முறையும் கவனிக்கத் தக்கது. பழைய சுவர்களில் இரண்டு கற்களின் நீளப்பக்கம், அடுத்து ஒரு கல்லின் முனைப்பக்கம் என்று வரிசை ஓடும். பிற்காலச் சுவர்களில் நீளப்பக்கமும் முனைப்பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி வரும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், வழிகாட்டி சொல்லாமலே சுவரின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். சில இடங்களில் கருமையாக மெருகேற்றிச் சுட்ட கற்களைச் சுவரில் பதித்துச் சாய்சதுரக் கோலம் போட்டிருக்கிறார்கள். வெயில் படும்போது அவை மின்னும்.

எப்படிப் போவது?

ரயிலில். கிதான்ஸ்க் தலைமை நிலையத்திலிருந்து விரைவு ரயில் சுமார் அரைமணி நேரத்திலும், எல்லா நிலையங்களிலும் நிற்கும் வட்டார ரயில் முக்கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டியும் கொண்டு சேர்க்கும். வட்டார ரயிலில் கட்டணம் குறைவு. நேர வேறுபாடு பெரிதில்லை என்பதால் அதையே எடுக்கலாம். வார்சாவிலிருந்து கிதான்ஸ்க் செல்லும் விரைவு ரயில்களில் பெரும்பாலானவை மால்போர்க்கில் நிற்கின்றன. சுமார் இரண்டரை மணி நேரப் பயணம்.

மால்போர்க் நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் கோட்டை. நிலையத்தையும் பார்க்காமல் போகாதீர்கள். அதுவும் செங்கல்லில், கோட்டையின் சாயலில் கட்டப்பட்டதுதான். கிதான்ஸ்கிலிருந்து வரும் வட்டார ரயில்கள் ஆற்றைக் கடப்பதற்குச் சற்று முன்னால் மால்போர்க் கவுதோவோ என்ற சின்ன நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் நீங்கள் மேற்குக் கரையில் இருப்பீர்கள். கரையோரமாக நடந்து, பாலத்தைக் கடந்து கோட்டைக்குள் நுழையலாம். எந்த நிலையத்தில் இறங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கவுதோவோதான். ரயில் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது கோட்டை முழுதாகத் தெரியும் என்று சொல்லிச் சிலர் தடுப்பார்கள். அந்தக் காட்சி சில நொடிகள்தான். திரும்பும் பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து வருபவர்கள் வளைகுடா நாடு ஒன்றிலோ ஜெர்மனியிலோ விமானம் மாறி வார்சாவுக்கோ கிதான்ஸ்குக்கோ வரலாம். போலந்து ஷெங்கன் விசா நாடுகளில் ஒன்று. நாணயம் யூரோ இல்லை, ஸ்வோத்தி. பெரும்பாலான இடங்களில் வங்கி அட்டை செல்லும்.

எந்த மாதம் நல்லது? திங்கட்கிழமை போகலாமா?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலையில் கோட்டை முற்றுகையை நடித்துக் காட்டும் விழா நடக்கும். கூட்டமும் குதிரைகளும் வெடிச்சத்தமும் பிடிக்குமென்றால் அப்போது போங்கள், அறைகளை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் தவிர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறைவு. டிசம்பரில் மூன்றரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். உள்ளறைகளின் சில்லிப்பு செருப்பு வழியாக ஏறும். ஆனால் பனி மூடிய முற்றத்தில் செங்கல்லின் சிவப்பு எடுத்துக்காட்டும் அழகு கோடையில் கிடைக்காது.

திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அன்று வழக்கமாக முற்றங்களையும் மதிலோரப் பாதைகளையும் மட்டும் பார்க்கும் குறைந்த கட்டண டிக்கெட்தான் கிடைக்கும். உள் மண்டபங்கள் பூட்டியிருக்கும். நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் புறப்படும் முன் அருங்காட்சியகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

முழு வரலாற்றுத் தடத்துக்கு மூன்றரை மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மறுகரைக்கு ஒரு மணி நேரம் தனியாக.

ஆற்றைக் கடந்து மறுகரைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். கோட்டைக்குள் நிற்கும்போது முற்றமும் சுவரும்தான் தெரியும், கோட்டை தெரியாது. ஒரு நடைபாலத்தின் வழியே நோகட்டைக் கடந்து மேற்குக் கரையில் நின்றால்தான் மூன்று பகுதிகளும் ஒன்றாக எழுந்து நிற்பது புரியும். இடப்பக்கம் நடுக் கோட்டை, அதிலிருந்து முன்துருத்தி நிற்கும் பெருந்தலைவர் மாளிகை, வலப்பக்கம் நான்கு பக்கமும் அடைத்த மேல் கோட்டை, பின்னால் 66 மீட்டர் உயரக் கோபுரம், தண்ணீரோரத்தில் இரண்டு உருண்டைக் கொத்தளங்களோடு பழைய பால வாயில்.

இந்தப் பக்கம் மேற்கு நோக்கியது. எனவே காலையில் கோட்டை நிழலாகத்தான் தெரியும். பிற்பகலில் வெயில் நேராகச் சுவரில் விழும்போது செங்கல்லின் நிறம் மணிக்கு மணி மாறும். ஜூனில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது, ஆகவே மாலை முழுக்க உங்களுடையது. பேருந்துக் குழுக்கள் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் இழப்பது இதைத்தான்.

ஆற்றின் பக்கம் மாளிகையை இப்படி நீட்டிக் கட்டியதற்கும் காரணம் உண்டு. விஸ்துலாவிலிருந்து நோகட் வழியே தானியமும் மரமும் அம்பரும் (கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசின்) ஏற்றிச் சென்ற படகுக்காரர்களும் வணிகர்களும் முதலில் பார்த்தது இந்தச் சுவரைத்தான். அவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றே கட்டினார்கள்.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

முதலில், நடுக் கோட்டையின் பெருவிருந்து மண்டபம். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அத்தனை பெரிய கூரையை நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று மெல்லிய கிரானைட் தூண்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் செங்கல் விலாக்கள் பனை உச்சியில் ஓலை விரிவதுபோல் எல்லாப் பக்கமும் விரிந்து கூரையாகின்றன. மேலே பார்த்த பிறகு கீழேயும் பாருங்கள். தரையில் வட்டத் துளைகள் இருக்கின்றன. அவை அறையைச் சூடாக்கும் ஏற்பாடு. தரைக்குக் கீழே அடுப்பறை. அடுப்பின் மேல் கற்குவியல். விறகெரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, நெருப்பு அணைந்து புகை வெளியேறிய பிறகு துளைகளின் மூடியைத் திறப்பார்கள். சூடான, புகையற்ற காற்று அறைக்குள் ஏறும். மூடியைத் திறந்தும் மூடியும் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். பால்டிக் குளிரில் நூற்றுக்கணக்கான விருந்தினரை உட்கார வைக்க இதைவிடத் தெளிந்த வழி அந்தக் காலத்தில் இல்லை.

அடுத்து பெருந்தலைவர் மாளிகையில் கோடை மண்டபம், குளிர்கால மண்டபம் இரண்டும். கோடை மண்டபத்தின் முழு எடையும் ஒரே ஒரு தூணில் நிற்கிறது. சுற்றிலும் சன்னல்கள், வெளியே ஆறு. வறுமை விரதம் எடுத்தவர்களின் தலைவர் இப்படி வாழ்ந்தார் என்பதையும் அங்கே நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

மேல் கோட்டையில் நிலைமை வேறு. இதுதான் பழைய மடம். நாற்புறமும் இரண்டடுக்குத் தாழ்வாரம், நடுவில் கிணறு, கிணற்றுக் கூரையின் உச்சியில் ஒரு கூழைக்கடா. தன் மார்பைக் கிழித்து ரத்தத்தால் குஞ்சுகளைக் காக்கும் பறவை என்ற நம்பிக்கையால் கிறிஸ்தவர்கள் அதை இயேசுவின் அடையாளமாகக் கொண்டார்கள். தாழ்வாரத்தின் மூலையில் இருக்கிறது ‘பொன் வாயில்’. தேவாலயத்தின் நுழைவாயிலான இது சுமார் 1280-ஐச் சேர்ந்தது; சுடுமண் சிற்பங்களால் ஆனது. பைபிள் உவமையில் வரும், விளக்கில் எண்ணெய் வைத்திருந்த புத்தியுள்ள கன்னியர் ஒரு பக்கம், எண்ணெய் தீர்ந்த புத்தியற்ற கன்னியர் மறுபக்கம். இரண்டாம் வரிசையின் முகங்களில் உள்ள கலக்கத்தை, சுட்ட மண்ணில், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் வடித்திருக்கிறார். இந்தக் கோட்டையில் ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான் நேரமென்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

அந்தத் தேவாலயத்தோடு ஒரு கொலைக் கதையும் சேர்ந்திருக்கிறது. 1330 நவம்பரில், மாலை வழிபாடு முடித்து வெளியே வந்த பெருந்தலைவர் வெர்னர் ஃபான் ஓர்செல்னை அவருடைய அமைப்பைச் சேர்ந்த வீரர் ஒருவரே குத்திக் கொன்றார். தேவாலயத்துக்குக் கீழே புனித அன்னம்மாள் சிற்றாலயம். பெருந்தலைவர்களின் கல்லறை அங்கேதான்.

அம்பர் காட்சியறையையும் விட்டுவிடாதீர்கள். பால்டிக் கரையில் ஒதுங்கும் அம்பரை எடுத்து விற்கும் உரிமையை இந்த அமைப்பு தன் பிடியில் வைத்திருந்தது. இந்தச் செங்கற்களுக்கான பணத்தில் ஒரு பகுதி அதிலிருந்து வந்தது. ஆயுதக் கூடத்தை வேகமாகக் கடந்துவிடலாம்.

தனியாக நிற்கும் அந்தக் கழிப்பறைக் கோபுரம் எதற்கு?

கழிப்பறைக்குத்தான். கிதானிஸ்கோ என்கிறார்கள். மேல் கோட்டையின் மூலையிலிருந்து, உயரமான வளைவுகளின் மேல் ஓடும் மூடிய நடைவழி ஒன்று அந்தக் கோபுரத்துக்குப் போகிறது. கழிவு கோட்டையை விட்டுத் தள்ளி, கீழே விழுந்துவிடும். மடத்தில் நாற்றமும் நோயும் அண்டாது. போர்க்காலத்தில் மற்றதெல்லாம் வீழ்ந்தால் கடைசியாக ஒதுங்கிக்கொள்ளும் அரணாகவும் அது இருந்தது. நடைவழியின் தொடக்கத்தில் வழிகாட்டும் பேயுருவம் ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள். காகிதத்துக்குப் பதில் முட்டைக்கோஸ் இலை பயன்பட்டது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

சுவரில் பீரங்கிக் குண்டு பதிந்திருக்கிறதாமே?

கோடை மண்டபத்தில், கணப்படுப்புக்கு மேலே இருக்கிறது. 1410 ஜூலை 15 அன்று குருன்வால்ட் போரில் போலந்து, லித்துவேனியப் படைகள் டியூட்டானிக் வீரர்களை முறியடித்தன. பெருந்தலைவரே களத்தில் இறந்தார். பத்து நாள் கழித்து போலந்து மன்னர் யாகியெவோ மால்போர்க்குக்கு வந்து சேர்வதற்குள், ஹைன்ரிக் ஃபான் பிளாவன் என்ற தளபதி கோட்டைக்குள் புகுந்து கதவடைத்துவிட்டார். எதிரிக்குத் தங்க இடம் கிடைக்கக் கூடாதென்று கோட்டையடி ஊரை அவரே கொளுத்தினார்.

முற்றுகையின்போது கோடை மண்டபத்தில் தலைவர்கள் கூடியிருந்ததாகவும், உள்ளே இருந்த துரோகி ஒருவன் சன்னலில் சிவப்புத் தொப்பியைத் தொங்கவிட்டு அடையாளம் காட்டியதாகவும், ஒற்றைத் தூணைக் குறிவைத்து ஆற்றுக்கு அப்பாலிருந்து குண்டு சுட்டதாகவும், அது மயிரிழையில் தப்பியதாகவும் கதை. முற்றுகை உண்மை, தொப்பி கதை. ஆனால் அந்த ஒற்றைத் தூணின் அருகில் நிற்கும்போது, இப்படியொரு கதை பிறக்காமல் இருந்தால்தான் வியப்பு என்று தோன்றும். தூண் விழுந்தால் எல்லாம் விழும் என்பது கண்ணுக்கே தெரிகிறது.

செப்டம்பர் 19 அன்று முற்றுகையை விலக்கிக்கொண்டு மன்னர் திரும்பினார். கோட்டையைக் காத்த பிளாவன் பெருந்தலைவரானார். மூன்றே ஆண்டுகளில் அவருடைய ஆட்களே அவரைப் பதவியிறக்கினார்கள்.

அப்படியானால் போலந்து இதை எப்போது பிடித்தது?

பிடிக்கவில்லை. விலைக்கு வாங்கியது.

1454-ல் தொடங்கிய பதின்மூன்றாண்டுப் போரில் அமைப்பிடம் பணம் தீர்ந்தது. கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் மால்போர்க் உள்ளிட்ட கோட்டைகளை அந்தப் படைக்கே அடகு வைத்தார்கள். சம்பளம் வரவே இல்லை. கூலிப்படைத் தலைவர் உல்ரிக் செர்வோன்கா என்ற செக் நாட்டவர், 1,90,000 ஹங்கேரியப் பொற்காசுகளுக்கு அடகுக் கோட்டைகளை போலந்து மன்னர் கசிமிருக்கு விற்றுவிட்டார். 1457 ஜூனில் மன்னர் வாயில் வழியாகவே உள்ளே வந்தார். பெருந்தலைவர் கிழக்கே உள்ள கோனிக்ஸ்பெர்க் நகருக்கு (இன்றைய கலினின்கிராட்) போய்ச் சேர்ந்தார்.

கோட்டை கைமாறியும் ஊர் அடங்கவில்லை என்பது பலரும் சொல்லாத பகுதி. நகரத் தலைவர் பார்த்தலோமியுஸ் புளூமே அதே ஆண்டில் ஊரின் வாயில்களை அமைப்பின் படைக்குத் திறந்துவிட்டார். கோட்டை மன்னரிடம், காலடியில் உள்ள ஊர் எதிரியிடம் என்று மூன்றாண்டுகள் போனது. 1460-ல் ஊர் சரணடைந்தது, புளூமேவுக்கு மரணதண்டனை.

பிறகு 1772 வரை போலந்து மன்னர்கள் வந்து தங்கும் இல்லமாக இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் இடிந்துவிட்டது என்கிறார்கள். இப்போது பார்ப்பது உண்மையான பழைய கோட்டையா?

அடிக்கடி வரும் கேள்வி இது. சில பயணிகள் ஏமாற்றத்தோடு கேட்பதையும் பார்த்திருக்கிறேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

1772-ல் போலந்து பங்கிடப்பட்டபோது மால்போர்க் பிரஷ்ய அரசிடம் போனது. அவர்கள் இதைப் படைமுகாமாகவும் கிடங்காகவும் ஆக்கினார்கள். மண்டபங்களின் குறுக்கே தளம் போட்டார்கள், கூரை வளைவுகளை உடைத்தார்கள். முழுதாக இடித்துவிடும் திட்டமும் இருந்தது. 1794-ல் இங்கே வந்த இளம் கட்டடக் கலைஞர் ஃபிரீட்ரிக் கில்லி வரைந்த ஓவியங்கள் அடுத்த ஆண்டு பெர்லினில் காட்சிக்கு வந்தபோதுதான் இது பலர் கண்ணில் பட்டது. 1803-ல் மாக்ஸ் ஃபான் ஷெங்கன்டோர்ஃப் என்ற இளைஞர் பெர்லின் பத்திரிகையில் இந்த அழிப்பைக் கண்டித்து எழுதினார். மறு ஆண்டு இடிப்பு நின்றது. ஒரு கட்டடத்தை ஒரு கட்டுரை காப்பாற்றியது.

பழுதுபார்ப்பு 1817 வாக்கில் தொடங்கியது. முதலில் செய்தவர்கள் ஆர்வத்தில் கற்பனையைக் கலந்தார்கள். 1882-ல் பொறுப்பேற்ற கொன்ராட் ஷ்டைன்பிரெக்ட், பழைய ஆவணங்களையும் மண்ணில் புதைந்த சான்றுகளையும் தேடி, மேல் கோட்டையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மீட்டுக் கட்டினார். இன்று நாம் பார்க்கும் உருவத்தில் பெரும்பங்கு அவருடையது.

1945-ன் தொடக்கத்தில் ஜெர்மன் படை கோட்டையை அரணாக்கிக்கொண்டு சோவியத் படையை எதிர்த்தது. குண்டுகள் கிழக்கிலிருந்து வந்தன. கோட்டையில் பாதிக்கு மேல் சிதைந்தது. தேவாலயம் பிளந்தது, அதன் வெளிச்சுவர் மாடத்தில் நின்ற, கண்ணாடிச் சில்லுகளால் பொதிந்த எட்டு மீட்டர் உயர மாதா சிலை நொறுங்கிப்போனது. போருக்குப் பிறகு இந்த ஊர் போலந்தின் எல்லைக்குள் வந்தது. ஜெர்மானியப் பெருமையின் சின்னமாகப் பிரஷ்ய மன்னர்களும் பின்னர் நாஜிகளும் கொண்டாடிய ஒரு கட்டடத்தை, அந்த நாஜிகளால் அழிக்கப்பட்ட ஒரு நாடு செங்கல் செங்கல்லாகத் திருப்பிக் கட்டியது. 1961-ல் அருங்காட்சியகம் தொடங்கியது. தேவாலயமும் மாதா சிலையும் மீண்டது 2016-ல்தான்.

எனவே நீங்கள் பார்ப்பது 14-ஆம் நூற்றாண்டும், 19-ஆம் நூற்றாண்டும், நம் காலமும் ஒரே சுவரில். அதை மறைக்கவும் இல்லை. சொரசொரப்பாக, பல சிவப்புகளில், விளிம்பு மழுங்கிய கற்கள் பெரும்பாலும் பழையவை. ஒரே அளவில் கூர்விளிம்போடு இருப்பவை பின்னால் வந்தவை. தேவாலயத்தின் உள்ளே, தப்பிய சிற்பத் துண்டுகளை உடைந்தது உடைந்தபடியே விட்டு, கூரையை மட்டும் புதிதாக எழுப்பியிருக்கிறார்கள். சிற்பங்களைப் புதுப்பித்து முழுமையாக்கியிருக்கலாம். செய்யாமல் விட்டதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உடைந்த விளிம்பைப் பார்க்கிறவனுக்கு 1945 என்ன செய்தது என்பது தெரிகிறது. ‘அசல்’ இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் மூன்று தலைமுறைக் கொத்தனார்களின் உழைப்பைத் தள்ளிவிடுகிறார்கள்.

அந்தப் பிரஷ்யப் பழங்குடிகள் என்ன ஆனார்கள்?

அழிந்துபோனார்கள். 1283-க்குள் அவர்கள் நிலம் முழுவதும் அமைப்பின் கைக்கு வந்துவிட்டது. கிளர்ச்சிகள் ரத்தத்தில் அடக்கப்பட்டன. எஞ்சியவர்கள் குடியேறிகளோடு கலந்தார்கள். லித்துவேனிய மொழிக்கு உறவான அவர்களுடைய மொழி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு பேச்சிலிருந்து மறைந்தது. அவர்களின் பெயரை மட்டும் வென்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரஷ்யா என்ற அரசின் பெயர் தோற்றுப்போன இந்த மக்களுடையது. நடு முற்றத்தில் நான்கு பெருந்தலைவர்களின் வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன, எல்லோரும் அவற்றோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த முற்றத்தில் நிற்கும்போது இந்த மக்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

குழந்தைகள் மகிழ்வார்கள், இழுவைப் பாலம், அகழி, இருட்டு நடைவழி எல்லாம் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கடினம். குறுகிய, தேய்ந்த படிகள். முற்றம் முழுக்க உருண்டைக்கல் தளம். சக்கர நாற்காலியில் எல்லா மாடிகளுக்கும் போக முடியாது. அவர்களோடு முற்றங்களையும் பெருவிருந்து மண்டபத்தையும் ஆற்றங்கரையையும் பார்ப்பது நிறைவான நாளாக இருக்கும். தட்டையான, வழுக்காத காலணி எல்லோருக்கும் தேவை.

மொழிச் சிக்கல் வருமா?

டிக்கெட்டோடு ஒலிவழிகாட்டிக் கருவி தருகிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தை உணர்ந்து தானே பேசும். ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை. கருவி அடுத்த அறைக்குப் போகச் சொன்னாலும் பிடித்த இடத்தில் நில்லுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும் வைத்த ‘பியெரோகி ருஸ்கியே’ என்ற கொழுக்கட்டை எங்கும் உண்டு. ஆனால் அதன்மேல் பன்றிக்கொழுப்பை வறுத்துத் தூவுவது வழக்கம். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கு அடை, ‘பிளாட்ஸ்கி’, நம் நாக்குக்கு நெருக்கமானது. ‘ஜுரெக்’ என்ற புளித்த மாவு சூப்பில் பெரும்பாலும் இறைச்சி சேர்ந்திருக்கும். முட்டையும் பாலும் சேர்க்காதவர்கள் கிதான்ஸ்கிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

இன்னொரு நாள் இருந்தால் வேறெங்கே போகலாம்?

தெற்கே ரயிலில் போகும் தூரத்தில் இருக்கிறது குவிஜின். கோட்டையும் பேராலயமும் ஒட்டிக் கட்டிய செங்கல் பெருங்கட்டடம் அங்கே இருக்கிறது. மால்போர்க்கின் கழிப்பறைக் கோபுரத்தைப் பார்த்து வியந்தவர்கள் அங்கே அதைவிட நீண்ட நடைவழி, மாபெரும் வளைவுகளின் மேல், வெட்டவெளிக்குள் நீண்டு போவதைப் பார்ப்பார்கள். கூட்டமே இருக்காது.

அதே தடத்தில் இன்னும் தெற்கே தொருன். அங்கேயும் இதே வீரத்துறவிகள் ஒரு கோட்டை கட்டினார்கள். 1454-ல் தொருன் மக்களே திரண்டு அதைக் கைப்பற்றி இடித்துவிட்டார்கள். இன்று சிதிலங்களுக்கு நடுவே அங்கே நிற்பது கழிப்பறைக் கோபுரம்தான். மால்போர்க்கைப் பார்த்த மறுநாள் தொருனுக்குப் போங்கள். மால்போர்க்கை முதலில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மக்கள் எதை இடித்தார்கள் என்பது விளங்கும்.